செயலிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் மொழி: வாசகர் கேள்வி – பதில்

மேசைக் கணினி மென்பொருள்களுக்குள் பைதான், லுவா போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளின் இன்டர்பிரெட்டரை (ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் நிரலை) சேர்த்து வழங்குவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சி++ மொழியில், க்யூட்டி என்னும் திரை வடிவமைப்பு லைப்ரரி கொண்டு எழுதிய பில்லிங் மென்பொருள் ஒன்றை விற்று வருகிறோம். தள்ளுபடி, கமிஷன், ரவுண்டிங் விதிகளை ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறார்கள். அவற்றைப் பைதானில் எழுதிக்கொள்ள வழிசெய்ய நினைக்கிறோம். வாடிக்கையாளரின் கணினியில் இருக்கும் பைதானையே பயன்படுத்தலாமா, எங்கள் நிறுவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சேர்த்தே கொடுங்கள். வாடிக்கையாளரின் கணினியில் பைதான் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் அது எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எந்த மென்பொருள் அதை நிறுவியது, நாளை அதை யார் நீக்கப் போகிறார் என்பவற்றில் எதுவும் உங்கள் கையில் இல்லை. விண்டோஸில் விம் எடிட்டர் கணினியில் இருக்கும் பைதானையே பயன்படுத்துகிறது. இயங்கும் நேரத்தில் பைதானின் டி.எல்.எல். என்னும் லைப்ரரிக் கோப்பைத் தேடி ஏற்றிக்கொள்கிறது. பதிப்போ பிட் அளவோ பொருந்தாவிட்டால் பைதான் வசதி கிடைக்காமல் போகிறது. விம் பயன்படுத்துபவர் பெரும்பாலும் நிரலாளர் என்பதால் அவரே தேடிச் சரிசெய்துகொள்வார். கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பில் போட முடியாமல் தவிக்கும் காசாளரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் தனக்கென ஒரு பைதானை உடன் கொண்டு வருவதும், இங்க்ஸ்கேப், லிப்ரெஆபீஸ் ஆகியவற்றின் விண்டோஸ் வெளியீடுகள் அவ்வாறே செய்வதும் இதனால்தான்.

விண்டோஸுக்கு இந்தத் தேவைக்கென்றே ‘எம்பெடபிள் பேக்கேஜ்’ என்னும் சிப் கோப்பைப் பைதான் திட்டம் 3.5ஆம் பதிப்பிலிருந்து வெளியிட்டு வருகிறது. அதன் அளவு ஏறத்தாழ 10 மெகாபைட். அதில் லைப்ரரிகளை நிறுவும் பிப் கிடையாது, சாளரங்களை உருவாக்கும் டிகேஇன்டர் கிடையாது. மென்பொருளுக்குத் தேவையான லைப்ரரிகளை அதன் நிறுவியே உடன் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அது அவ்வாறு ஆக்கப்பட்டுள்ளது.

கோப்புகளை உடன் வைத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலான கோளாறுகள் அதற்குப் பின்னரே தலைகாட்டும். பைதான் தொடங்கும்போது, தன் லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்பதை அறிய, கணினியில் அமைக்கப்பட்டிருக்கும் பைதான்ஹோம், பைதான்பாத் என்னும் சூழல் மாறிகளையும் பார்க்கிறது. வேறொரு மென்பொருள் பைதான்ஹோமைத் தன் கோப்புறைக்குத் திருப்பிவிட்டிருந்தால், நீங்கள் அனுப்பிய இன்டர்பிரெட்டர் உங்கள் லைப்ரரியை விட்டுவிட்டு அங்கே போய்த் தேடும்; தேடியது கிடைக்காமல் ‘என்கோடிங்ஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்ற செய்தியோடு நின்றுவிடும். நெடுங்காலமாக எல்லாரும் அழைத்து வந்த ‘பை_இனிஷியலைஸ்’ என்னும் பழைய ஃபங்ஷனில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: தொடக்கம் தோல்வியடைந்தால் அது பிழையைத் திருப்பித் தராது, உங்கள் மென்பொருளையே மொத்தமாக நிறுத்திவிடும். 2019இல் வெளியான 3.8ஆம் பதிப்பில் ‘பைகான்ஃபிக்’ என்னும் புதிய தொடக்க முறை வந்தது. அதில் தனிமைப்படுத்திய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சூழல் மாறிகள் புறக்கணிக்கப்படும், லைப்ரரி இருக்கும் இடத்தை நீங்களே சொல்லலாம், தோல்வியும் ஒரு விடையாகத் திரும்பி வரும். அப்படி வந்தால், சிறப்பு விதிகள் இப்போது இயங்கவில்லை என்று ஒரு வரியில் தெரிவித்துவிட்டு, வழக்கமான விதிகளோடு பில் போடுவதைத் தொடரச் செய்யுங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் பைதானைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்த்துக் கொடுத்த பிறகு அதன் பாதுகாப்புக் குறைகளும் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. பைதானோடு வரும், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஒரு குறை வெளியானால், திருத்திய நிறுவியை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். தள்ளுபடி விதிக்கு இணைய வசதி தேவையில்லை என்றால் அந்தப் பகுதியை முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது. ஒரே லைப்ரரியின் நகல்கள் பல மென்பொருள்களுக்குள் சிதறிக் கிடப்பதை டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் விரும்பாததற்கும் இந்தப் பொறுப்பே காரணம். அங்கே அவர்களுடைய தொகுப்பாக வெளியிடுவதானால் கணினியின் பைதானைச் சார்ந்திருப்பதே முறை. மேக்கில் வெளியிடும் எண்ணம் இருந்தால், பைதானோடு வரும் டைனமிக் லைப்ரரி ஒவ்வொன்றிலும் உங்கள் கையொப்பம் இருந்தாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஆப்பிள் சரிபார்த்துத் தரும் நோட்டரைசேஷன் என்னும் ஒப்புதல் கிடைக்காது.

கேள்வி: பைதானா, லுவாவா? சேர்ப்பதற்கு எது ஏற்றது?
– வாசகர், சென்னை

பதில்: பிற மென்பொருளுக்குள் வைக்கப்படுவதற்காகவே பிறந்த மொழி லுவா. 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெரெடோ, வால்டெமர் செலஸ் ஆகிய மூவர் அதை உருவாக்கினர். அது முதலில் ஒரு சி லைப்ரரி. தனியாக இயங்கும் லுவா என்பது அந்த லைப்ரரியை அழைக்கும் ஒரு சிறிய நிரல் மட்டுமே. எல்லாம் சேர்ந்தும் சில நூறு கிலோபைட்தான். அடோபி லைட்ரூம், வயர்ஷார்க், என்மேப், வி.எல்.சி. ஆகியவற்றுக்குள் அது இருக்கிறது.

அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. லுவாவில், ஒரே மென்பொருளுக்குள் ஒன்றையொன்று அறியாத பல லுவா நிலைகளை (தனித்தனி இயக்கச் சூழல்களை) திறக்க முடியும். ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் ஒன்று திறந்து, வேலை முடிந்ததும் மூடினால், அது பிடித்திருந்த நினைவகம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பைதான் இன்றளவும் பெரும்பாலும் ஒரு புராசஸுக்கு (இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு) ஒன்று என்ற எண்ணத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அதை நிறுத்தி மீண்டும் தொடங்கினால், சி மொழியில் எழுதிய சில மாட்யூல்கள் சரியாக எழுந்து வருவதில்லை. 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பு ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே இயங்க விடும் பூட்டை ஒவ்வொரு உள் இன்டர்பிரெட்டருக்கும் தனியாகத் தர வழிசெய்தது என்றாலும், மாட்யூல்களும் அதற்கு ஏற்றவாறு எழுதப்பட்டிருந்தால்தான் பயன்.

பைதானின் வலிமை அதன் லைப்ரரிகளிலும் அதை அறிந்தவர்களின் எண்ணிக்கையிலும் உள்ளது. தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலேயே பைதான் இருக்கிறது. வரைபடம், பொறியியல், அறிவியல் கணக்கீடு சார்ந்த மென்பொருளாக இருந்தால் பயனர்கள் நம்பை போன்ற கணக்கீட்டு லைப்ரரிகளைக் கேட்பார்கள். அங்கே லுவாவைக் கொடுத்தால் அவர்களுடைய பாதி வேலை நின்றுவிடும். க்யூஜிஐஎஸ், ஃப்ரீகேட், பிளெண்டர் ஆகியவை பைதானைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஆனால் மேலே கேட்ட திருப்பூர் வாசகரின் பில்லிங் மென்பொருளுக்கு, என் தேர்வு லுவாதான். அங்கே தேவைப்படுவது இருபது முப்பது வரி விதிகள். அவற்றுக்காகப் பைதானின் முழுச் சுமையையும் ஏற்க வேண்டியதில்லை.

லுவாவைத் தேர்ந்தெடுத்தால் பணக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. 5.3ஆம் பதிப்புக்கு முன் லுவாவில் எண்கள் எல்லாம் மிதவைப் புள்ளி (ஃப்ளோட்டிங் பாயின்ட்) எண்களே. லுவாவின் வேகமான மாற்று வடிவமான லுவாஜிட் இன்னும் 5.1ஐ ஒட்டியே இருக்கிறது. எனவே 64 பிட் முழு எண் உள்ள 5.3 அல்லது 5.4ஐ எடுத்துக்கொண்டு, எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைத்திருங்கள். அப்போதும் இரட்டைச் சாய்கோடு கொண்ட முழு எண் வகுத்தல் எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்கும் என்பதை மறக்க வேண்டாம்: 7ஐ 2ஆல் வகுத்தால் 3, ஆனால் –7ஐ வகுத்தால் –4. விற்பனையில் ஒரு பைசா ஒரு பக்கமும், அதே சரக்கு திரும்பி வரும்போது மறுபக்கமும் போய், மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். பைதானின் முழு எண் வகுத்தலிலும் இதே நடத்தைதான். ரவுண்டிங் வேலையை ஸ்கிரிப்ட் எழுதுபவரிடம் விடாமல், சி++ பக்கத்தில் நீங்களே ஒரு ஃபங்ஷனாக எழுதி வழங்குங்கள்.

கேள்வி: எதற்கு வேறு மொழி? எங்களுக்கு வேண்டிய சில கட்டளைகளை மட்டும் கொண்ட சிறிய மொழியை நாங்களே உருவாக்கினால் என்ன?
– வாசகர், சேலம்

பதில்: ஒரே ஒரு சூத்திரத்தைக் கணக்கிடுவதோடு தேவை நிற்குமானால் செய்யலாம். ‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனையும் ‘ஒவ்வொரு பொருளுக்கும்’ என்ற சுழற்சியும் தேவைப்படும் நாளில் அது ஒரு முழு மொழியாகிவிடும். பிழைச் செய்தி, வரி எண், ஆவணம் எல்லாமே நீங்கள் எழுத வேண்டியவையாகும். பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவருடைய மாணவர்களும் சிப் வடிவமைப்புக்காகப் பல கருவிகளை எழுதினர். ஒவ்வொன்றுக்கும் அவசரத்தில் ஒரு கட்டளை மொழி செய்தார்கள். எல்லாமே பலவீனமாக அமைந்தன. எந்தக் கருவிக்குள்ளும் வைக்கத்தக்க ஒரே மொழியை நன்றாகச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் 1988இல் அவர் எழுதத் தொடங்கியதுதான் டிக்கிள். லுவாவும், பிரேசிலின் பெட்ரோபிராஸ் நிறுவனத்துக்காகச் செய்த டெல், சோல் என்னும் இரண்டு சிறு மொழிகள் போதாமல் போனபோது அவற்றின் இடத்தில் வந்ததே. அந்த உழைப்பு இலவசமாகக் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

கேள்வி: உரிமச் சிக்கல் ஏதும் வருமா? எங்கள் மென்பொருள் மூல நிரல் வெளியிடாத, விலைக்கு விற்கும் மென்பொருள்.
– வாசகர், ஈரோடு

பதில்: வராது. லுவா 5.0 முதல் எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது, பைதானின் உரிமமும் இத்தகைய பயன்பாட்டை அனுமதிக்கிறது. அவற்றின் பதிப்புரிமை அறிவிப்பை உங்கள் மென்பொருளோடு சேர்த்தால் போதும். உடன் வைக்கும் லைப்ரரிகளைத் தனித்தனியே பாருங்கள்: க்யூட்டியைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைக்யூட்டி, மூல நிரலை வெளியிடக் கோரும் ஜி.பி.எல். அல்லது விலை கொடுத்துப் பெறும் உரிமத்தில்தான் கிடைக்கிறது.

கேள்வி: பயனர்கள் ஸ்கிரிப்ட் கோப்புகளை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். தீங்கான ஸ்கிரிப்ட் வந்தால் கணினிக்கு ஆபத்து வராமல் தடுக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: பைதானில், அதே புராசஸுக்குள் வைத்துக்கொண்டு தடுக்க முடியாது. ‘ரெக்ஸெக்’ என்ற பெயரில் பைதானிலேயே அதற்கென ஒரு மாட்யூல் இருந்தது. அதன் ஓட்டைகளை அடைக்க இயலாது என்று தெரிந்ததும் 2.3ஆம் பதிப்பில் முடக்கப்பட்டு, 3.0இல் நீக்கப்பட்டது. ஆபத்தான ஃபங்ஷன்களை எடுத்துவிட்டாலும், ஏதேனும் ஓர் ஆப்ஜெக்டின் பண்புகளைப் பிடித்துக்கொண்டே ஏறிப்போய் அவற்றை மீண்டும் எட்டிவிடலாம். நம்பத்தகாத பைதான் ஸ்கிரிப்டை இயக்கியே ஆக வேண்டும் என்றால், அதைக் குறைந்த அனுமதி கொண்ட தனிப் புராசஸில் வைத்து, தடுக்கும் வேலையை இயங்குதளத்திடம் ஒப்படையுங்கள்.

லுவாவில் நிலைமை மேல். வெறும் நிலையைத் திறந்து, சரம், அட்டவணை, கணிதம் ஆகிய லைப்ரரிகளை மட்டும் கொடுத்து, கோப்பு, இயங்குதளம், டீபக், பேக்கேஜ் ஆகியவற்றைக் கொடுக்காமல் விடலாம். ஆனாலும் சில கதவுகள் திறந்தே இருக்கும். முதலாவது, முன்பே கம்பைல் செய்த பைட்கோடு: அதைச் சரிபார்க்கும் பகுதி 5.2இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், திரித்து எழுதிய பைட்கோடு இன்டர்பிரெட்டரையே குலைத்துவிடும். ஸ்கிரிப்டை ஏற்றும்போது உரை வடிவத்தை மட்டுமே ஏற்கும்படி சொல்லிவிடுங்கள். அடுத்தது முடிவில்லாத சுழற்சி: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கட்டளைகளுக்கு ஒரு முறை உங்கள் ஃபங்ஷனை அழைக்கும் ஹூக் வசதியால் அதை நிறுத்தலாம். ஆனால் சரத்தை லட்சக்கணக்கான முறை அடுக்கும் ஃபங்ஷனைப் போல, சி பக்கத்திலேயே நீண்ட நேரம் நிற்கும் வேலைகளை அந்த ஹூக் எட்டாது. எனவே நினைவகத்தை ஒதுக்கும் ஃபங்ஷனையும் நீங்களே எழுதி, ஒரு வரம்பு வையுங்கள். லுவா அதற்கு இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தரவுக் கோப்புக்குள் ஒளிந்து வரும் ஸ்கிரிப்டைக் கேட்காமல் இயக்காதீர்கள். வேர்டு கோப்புகளின் வழியே கான்செப்ட் என்னும் மேக்ரோ வைரஸ் பரவியது 1995இல். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது 2022இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மக்கள் பட்ட இழப்பு கொஞ்சமன்று. பிளெண்டரில், கோப்புக்குள் இருக்கும் பைதான் தானே இயங்கும் வசதி இயல்பு நிலையில் அணைக்கப்பட்டே இருக்கிறது. உங்கள் மென்பொருளும் முதல் வெளியீட்டிலிருந்தே அப்படி இருக்கட்டும், ஏனெனில் பழகிப்போன பயனர்களிடமிருந்து ஒரு வசதியைப் பின்னர் பறிப்பது மிகக் கடினம்.

கேள்வி: நாங்கள் சேர்த்த பைதான் பதிப்பு பழையதாகிவிட்டது. உயர்த்தினால் பயனர்களின் ஸ்கிரிப்டுகள் உடையும் என்று அஞ்சுகிறோம். என்ன செய்யலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பைதான் ஆண்டுக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. ஆகவே முதல் வெளியீட்டின்போதே இந்தக் கேள்விக்கு விடை இருந்திருக்க வேண்டும்: உயர்த்தப் போவது எப்போது, எத்தனை மாத முன்னறிவிப்போடு என்று ஆவணத்தில் எழுதி வையுங்கள். தள்ளிப்போட்டால் தேங்கிவிடும். பைதான் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. பட எடிட்டரான கிம்ப்பின் செருகுநிரல்கள் பைதான் 3க்கு முழுமையாக நகர்ந்த 3.0 வெளியீடு 2025 மார்ச்சில்தான் வந்தது.

சப்லைம் டெக்ஸ்ட் கையாண்ட வழி கற்றுக்கொள்ளத்தக்கது. அதன் செருகுநிரல்கள் எடிட்டருக்குள் இயங்காமல் தனிப் புராசஸில் இயங்குகின்றன. 2021இல் 4ஆம் பதிப்பு வந்தபோது, பழைய செருகுநிரல்களுக்குப் பைதான் 3.3 உள்ள ஒரு புராசஸும், புதியவற்றுக்கு 3.8 உள்ள இன்னொரு புராசஸும் என இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எது வேண்டும் என்பதைச் செருகுநிரல் ஒரு சிறு கோப்பின் மூலம் தெரிவித்தது. தெரிவிக்காதவை பழையதிலேயே இயங்கின. இரண்டு பைதான்களை ஒரே புராசஸுக்குள் வைப்பது பெருந்துன்பம். தனித்தனிப் புராசஸ் என்பதால் அது எளிதாயிற்று. செருகுநிரல் செயலிழந்தாலும் எடிட்டர் விழாது என்பது கூடுதல் பலன். திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையிலோ நிறுவனங்கள் கூடி, ஒவ்வோர் ஆண்டுக்கும் எந்தப் பைதான் பதிப்பு என்று ஒரு பொது வரையறையை வெளியிடுகின்றன. அந்த வரையறை பைதான் 3க்கு மாறியது 2020இல். உங்கள் துறையில் அத்தகைய ஏற்பாடு இல்லாவிட்டால், இரண்டு பதிப்புகளை ஓராண்டு உடன் வைத்திருக்கும் முறையைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: எங்கள் மென்பொருளின் லுவா ஸ்கிரிப்டில் தமிழ்ப் பெயர்களை அச்சிடும்போது நெடுவரிசை நகர்கிறது, பெயர் நடுவில் உடைகிறது. சில கணினிகளில் தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளும் திறப்பதில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: லுவாவுக்குச் சரம் என்பது பைட்டுகளின் தொடர் மட்டுமே. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் அது 15 என்று சொல்லும், யு.டி.எஃப்-8 என்னும் யூனிகோட் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். 5.3இலிருந்து உள்ள யு.டி.எஃப்-8 லைப்ரரியைக் கேட்டால் 5 என்று சொல்லும், ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பைதானும் 5 என்றே சொல்லும். படிப்பவர் கண்ணுக்கோ எழுத்து மூன்று. ஆகவே மொழியை மாற்றுவதால் இது தீராது. எழுத்து எல்லைகளைக் கண்டறியும் வசதி ஐ.சி.யு. என்னும் யூனிகோட் லைப்ரரியிலும் க்யூட்டியிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ‘எழுத்து எண்ணிக்கை’, ‘இத்தனை எழுத்தோடு நறுக்கு’ என்னும் ஃபங்ஷன்களை நீங்களே எழுதி ஸ்கிரிப்டுக்கு வழங்குங்கள். நெடுவரிசைக்கு அதுவும் போதாது. ‘ணௌ’வும் ‘ர’வும் ஒரே அகலம் ஆகா என்பதால், எழுத்துருவின்படி அகலத்தை அளந்து தரும் ஃபங்ஷன் ஒன்றும் வேண்டும்.

கோப்புச் சிக்கல் விண்டோஸுக்கே உரியது. லுவா கோப்பைத் திறக்க சி மொழியின் பழைய ஃபங்ஷனை அழைக்கிறது; அது கணினியின் பழைய எழுத்துக் குறியாக்கத்தில் பெயரை எதிர்பார்க்கிறது; தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய குறியாக்கம் கிடையாது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், மென்பொருளின் மேனிஃபெஸ்ட் என்னும் அறிவிப்புக் கோப்பில் யு.டி.எஃப்-8 வேண்டும் என்று அறிவிக்கலாம். பழைய கணினிகளையும் ஆதரிக்க வேண்டுமானால், கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். பைதானில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஸ்கிரிப்ட் நன்றாக இயங்குகிறது, ஆனால் சில வேளைகளில், முக்கியமாகப் பயனர் அன்டூ செய்த பிறகு, மென்பொருள் முழுவதும் விழுந்துவிடுகிறது.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஸ்கிரிப்டின் கையில் சி++ ஆப்ஜெக்டின் நினைவக முகவரியான பாயின்டரையே கொடுத்திருப்பீர்கள் என்று கருதுகிறேன். ஸ்கிரிப்ட் அதை ஒரு மாறியில் வைத்திருக்க, உங்கள் மென்பொருள் அந்த ஆப்ஜெக்டை அழித்துவிடுகிறது. அடுத்த முறை ஸ்கிரிப்ட் தொட்டதும் எல்லாம் விழுகிறது. பிளெண்டரின் ஆவணமே இதைப் பயனர்களுக்கு வெளிப்படையாக எச்சரிக்கிறது: அன்டூ செய்தால், ஸ்கிரிப்ட் முன்பு பிடித்து வைத்திருந்த தரவுச் சுட்டல்கள் அனைத்தும் செல்லாதவையாகிவிடும். அத்தனை பெரிய மென்பொருளில் அப்படிச் சொல்லிவிட்டு நகரலாம். புதிதாகக் கட்டுபவருக்கு வேறு வழி இருக்கிறது.

பாயின்டருக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணுக்கு உரிய இடத்தை மறுபடி பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் கூடும் ஒரு வரிசை எண்ணும் அதனுள் இருக்கட்டும். ஸ்கிரிப்ட் அதைக் கொண்டு எதைக் கேட்டாலும், அந்த ஆப்ஜெக்ட் இன்னும் உள்ளதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். இல்லை என்றால் ‘இந்தப் பொருள் நீக்கப்பட்டுவிட்டது’ என்ற பிழையை ஸ்கிரிப்டுக்கு எழுப்புங்கள். ஒவ்வோர் அழைப்பிலும் சிறு தேடல் கூடுவதால் வேகம் சற்றுக் குறையும். மேசைக் கணினியில் அது உணரப்படாது. கோப்பை மூடும்போதும், அன்டூ செய்யும்போதும், ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயனர் ஒரு வரிசையை நீக்கும்போதும் பழைய எண்கள் செல்லாமல் போகின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை, உங்கள் சோதனைத் தொகுப்பில் மற்றவற்றுக்கு முன் சேருங்கள்.